சவூதி இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டியிருந்தது

எனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் சவூதி அரேபியா இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டுமென்று என் அளவுக்கு ஏங்கிய ஆள் சவூதியிலேயே இருந்திருக்க மாட்டார். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் விளையாடுவார்கள் என்பதுகூட எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. ஆனாலும் அவர்கள் வெல்வார்களா என்ற யோசனையோடுதான் காலையில் எழுந்தேன், பள்ளிக்கூடம் போனேன், சோறு தின்றேன்.

எல்லாம் அம்மாவுக்காக. எங்கள் தோட்டம் இலங்கையில், லுணுகலைக்குப் பக்கத்தில். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா ரியாத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்க் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் நான் பெரியவளானேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், காம்பராவில், இருந்த அத்தை தலைக்குத் தண்ணீர் ஊற்றி என்னை மூலையில் உட்கார வைத்தாள். பந்தல் போட்டு, சொந்தபந்தத்தைக் கூட்டிச் செய்கிற சடங்கை மட்டும் அப்பா தள்ளிப் போட்டார். "அவ வரட்டும். பெத்தவ இல்லாம என்னா சடங்கு?" என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடலாம். பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிறவள் நான். "என்னாடி, இன்னும் ஒனக்குச் சடங்கு வைக்கலையா?" என்று தினமும் யாராவது ஒருத்தி கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடம் நிரம்புவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

மாதத்தில் முதல் ஞாயிறு நாலு மணிக்கு, லுணுகலையில் நானா கடைக்கு அம்மா போன் எடுப்பாள். எல்லோரும் நானா என்று கூப்பிட்ட அந்த முஸ்லிம் கடைக்காரர் சில்லறைச் சாமானும் விற்றார், போன் வசதியும் வைத்திருந்தார். நாங்கள் மூன்று மணிக்கே போய் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு நிற்போம். நான், தங்கச்சி, அப்பா. அந்த வருடம் சித்திரைப் பிறப்புக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறில் அம்மா அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"கண்ணு, இங்க ஐயா ஒரு வார்த்த சொல்லியிருக்காரு. உலகக் கிண்ணம் வருதுல்ல, அதுல இவங்க நாடு ரெண்டாவது சுத்துக்குப் போயிருச்சுன்னா எனக்கு மூணு மாசம் லீவு. டிக்கட்டும் அவரே எடுத்துத் தர்றாராம்."

"போகலன்னா?"

"போவாங்க கண்ணு. நீ சாமி கும்பிடு" என்றாள்.

அன்று நாங்கள் தோட்டத்துக்கு நடந்து திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. முன்னால் நடந்த அப்பாவின் சட்டை தெரியவில்லை, அவர் கையிலிருந்த சாமான் பை மட்டும் ஆடிக்கொண்டு போனது. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மறைந்த இடமெல்லாம் எனக்கு மணலாகத் தெரிந்தது. அந்த மணல் நடுவில் ஒரு வெள்ளை வீடு, அதன் பின்பக்கத்தில் அம்மா பச்சைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். எத்தனை என்று தெரியவில்லை, குவியலாகச் சட்டை. ஒவ்வொன்றையும் மடித்து வைக்கும்போது ஏதோ சொல்லி அனுப்புகிறாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஆட்டக்காரர்களெல்லாம் அம்மா வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு பாதி மனசு நம்பிக்கொண்டே இருந்தது. மறு பாதி மனசுக்கு அது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் அது வாயைத் திறக்கவில்லை.

நானா கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. முப்பத்திரண்டு நாடுகளின் பெயரையும் எழுதி, யார் எதுவரை போவார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். சரியாகச் சொன்னவருக்கு ஒரு பெரிய போத்தல் சோடா. எல்லோரும் பிரேசில், ஆர்ஜன்டீனா என்றார்கள். நானா பிரான்ஸ் என்றார். போன தடவை கிண்ணத்தைத் தூக்கியவர்கள் அவர்கள்தானே. நான் சவூதி என்றேன்.

நானா பேனாவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். "எங்கட ஆக்கள்தான் மகள். எனக்கும் ஆசைதான். ஆனா முதல் ஆட்டமே ஜெர்மனியோட."

"எழுதுங்க நானா" என்றேன்.

"அவங்க ஒவ்வொருத்தனும் மரம் மாதிரி உயரம்."

"ஒங்கள எழுதத்தானே சொன்னேன்." அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். பெரியவர்களிடம் இப்படிப் பேசாதே என்று அர்த்தம். நானா சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் எதைப் பார்த்தாலும் சகுனம் பார்த்தேன். பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் சவூதி பெரிதாக இருந்தது, ஜெர்மனி ஒரு விரல் நுனிக்குள் அடங்கியது. அது நல்லது. வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிக்கிறவர் சவூதியின் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கியது. அது கெட்டது. மத்தியானப் பாடத்தில் ஜன்னல் வழியே பனி வகுப்புக்குள் வரும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவது மங்கிப் போகும். நான் உட்கார்ந்தபடியே அம்மாவோடு விமான நிலையத்திலிருந்து வேனில் வந்துகொண்டிருப்பேன். கண்டியைத் தாண்டி, மஹியங்கனையைத் தாண்டி, பதுளைக்கு வந்து, அங்கே நிறுத்தி எனக்குச் சடங்குப் புடவை எடுப்போம். புடவையின் நிறம்தான் ஒவ்வொரு நாளும் மாறும்.

போட்டி தொடங்கிய முதல் நாளே பிரான்ஸ் தோற்றது. செனகல் என்ற நாடு, அதுவரை நாங்கள் யாரும் பெயர்கூடக் கேட்டிராத நாடு, ஒரு கோல் போட்டு அவர்களைக் கவிழ்த்துவிட்டது. வானொலியில் அதைக் கேட்டதும் நான் துள்ளி எழுந்தேன். செனகலால் முடியுமென்றால் சவூதியால் முடியாதா? மறுநாள் சாயந்திரம் எங்கள் ஆட்டம். அதற்குள் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அம்மனிடம் பூக்கட்டிக் கேட்பது.

கலியாணம், நோய், வழக்கு, எதுவானாலும் எங்கள் ஆட்கள் பூக்கட்டித்தான் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியில் தெரியாமல் மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நடக்கும். உதைபந்தாட்டத்துக்கு யாராவது பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்காதீர்கள். நான் பார்த்தேன். அதில்தான் ஒரு தப்புச் செய்தேன்.

அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். அந்த நாட்களில் கோயில் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று அத்தை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் தீட்டுக் கழியும் மட்டும் ஜெர்மனி காத்திருக்குமா? சனிக்கிழமை காலையில் அப்பா தொழிற்சாலைக்கும் அத்தை வேலை பிரிக்கிற பெரட்டுக்கும் போன பிறகு, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தேயிலை மலை வழியே ஏறினேன். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பறித்து, வாழையிலைக் கிழிசலில் மடித்துக்கொண்டேன். கோயிலில் ஆளில்லை. பனியில் கோபுரத்தின் பாதிக்கு மேல் காணவில்லை. நான் படிக்கு வெளியிலேயே நின்றேன். அப்படி நின்றால் பாவம் பாதி குறையும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். தங்கச்சி உள்ளே போய், ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பிரித்தோம். வெள்ளை.

அந்தப் பகல் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சினேன், துணி துவைத்தேன், எல்லாம் யாரோ செய்வதுபோல் இருந்தது. சாயந்திரம் சாமான் வாங்கப் போன அப்பாவோடு நானும் நானா கடைக்குப் போனேன். கறுப்பு வெள்ளை டீவி. சவூதிக்காரர்களின் பச்சை, சாம்பல் நிறமாகத் தெரிந்தது. படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டே இருந்தது. ஆட்டம் நடப்பது ஜப்பானில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கேமரா கூட்டத்தைக் காட்டுகிற போதெல்லாம் நான் முக்காடு போட்ட ஒரு முகத்தைத் தேடினேன்.

பிறகு கோல் விழ ஆரம்பித்தது. ஒரே ஆள் தலையாலேயே இரண்டு போட்டான். பாதி ஆட்டத்தில் நாலு. அப்பா பீடி பற்றவைக்க வெளியே போனார். திரும்பி வந்தபோது ஐந்து. கடைக்கு வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், ஆறாவதுக்குப் பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது. கடைசியில் எட்டு. சவூதிக்கு ஒன்றுமில்லை. நானா டீவியை நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் வெங்காயக் கூடையை உள்ளே இழுத்து வைத்தார்.

மற்றவர்களுக்கு அவர்கள் ஏன் தோற்றார்கள் என்பதற்கு நூறு காரணம் இருந்தது. எனக்கு ஒன்றுதான். தீட்டோடு போய்க் கேட்டேன். அம்மன் கோபத்தில் வெள்ளையைக் காட்டி ஏமாற்றிவிட்டாள். வேறு எப்படி எட்டு விழும்? ஒன்றிரண்டு விழுந்திருந்தால் அவர்கள் விளையாட்டு சரியில்லை என்று நினைத்திருப்பேன். எட்டு என்பது யாரோ செய்த பாவத்துக்கு விழுகிறது. அதைச் செய்தவள் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள்.

மறுநாள் முதல் ஞாயிறு. அம்மா பேசினாள். "பாத்தியா கண்ணு, இப்புடி ஆயிருச்சே. இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு, பாப்போம்." அவள் குரலில் அழுகை இல்லை. எனக்காக அடக்கிக்கொள்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் நொந்துபோனேன். கோயிலுக்குப் போனதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் அப்பா நின்றார். சொல்லவில்லை. மீதி இரண்டு ஆட்டத்திலும் சவூதி தோற்றது. ஒரு கோல்கூடப் போடாமல் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

அடுத்த மாதம் அம்மா அப்பாவோடு மட்டும் கொஞ்ச நேரம் பேசினாள். வைத்துவிட்டு அப்பா, "இன்னும் ரெண்டு வருசமாம். வீட்டுக்காரரு விட மாட்டேங்கிறாராம்" என்றார். ஆவணியில் எனக்குச் சடங்கு நடந்தது. பதுளையிலிருந்து அத்தை புடவை எடுத்து வந்தாள், அரக்கு நிறம். நான் கனவில் பார்த்த நிறங்களில் அது இல்லை. மாமா மாலை போட்டார், பெண்கள் ஆலத்தி சுற்றினார்கள், படம் பிடிப்பவர் பதினைந்து தடவை சிரிக்கச் சொன்னார். அம்மா இல்லாததற்கு யாரோ அவள் மேல் பழி சொன்னார்கள். அவள் என்ன செய்வாள், எல்லாம் என்னால்தான் என்று பந்தலுக்கு நடுவில் கத்தலாம் போலிருந்தது. கத்தாமல் சிரித்தேன். படங்கள் நன்றாகத்தான் வந்தன.

அம்மா சொன்னபடி இரண்டு வருடம் கழித்து வந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஒரு கலர் டீவி கொண்டுவந்தாள். நான் அவளுக்கு அடங்கிய பிள்ளையாக இருந்தேன். எது சொன்னாலும் சரி என்பேன். "இவ்ளோ வாயாடியா இருந்த புள்ள இப்புடி ஊமையாகிருச்சே" என்று அத்தையிடம் அவள் ஆச்சரியப்பட்டிருக்கிறாள். என்னுடைய கடன் அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த உலகக் கிண்ணம் வந்தபோது எனக்குப் பதினேழு. ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், சவூதியும் ஸ்பெயினும் விளையாடுவதை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவும் தங்கச்சியும் கோயில் பூசைக்குப் போயிருந்தார்கள். ஸ்பெயின் ஒரு கோல் போட்டதும் அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

"இவங்க எங்க ஜெயிக்கப் போறாங்க. போன தடவையே அந்த வீட்டுல பெரிய மகன் சொன்னான், இவனுங்க ஒரு கோல் போட்டா என் மீசைய எடுத்துர்றேன்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். "அப்புறம் எப்புடி ஐயா டிக்கட் தர்றேன்னாரு?"

அவள் கை முறத்தில் நின்றது. சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"அவரு அப்புடி ஒன்னும் சொல்லல கண்ணு. நான்தான் சொன்னேன். பங்குனியிலயே இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். நீ படிக்கணும், ஒன் முதுகுல கொழுந்துக் கூடை ஏறக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா ஒன் சடங்குக்கு வரமாட்டேன்னு ஒங்கிட்ட எந்த வாயால சொல்றது? என்ன வெறுத்துருவியோன்னு பயந்தேன். அவனுங்க எப்புடியும் தோப்பானுங்க. அவனுங்களத் திட்டி ஒன் கோவம் ஆறட்டும்னு நெனச்சேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நான் அவங்களத் திட்டலம்மா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் நாள், மலை, நந்தியாவட்டை, வெள்ளைப் பொட்டலம், எட்டு கோல். என்னால்தான் நீ வரவில்லை என்று நினைத்தேன், நாலு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவள் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"அவங்க தோப்பாங்கன்னு தெரியும். நீ அழுவேன்னும் தெரியும். எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன் கண்ணு. இது எனக்குத் தெரியலையே."