கிணறு பார்க்க வந்தவர்

என் சித்தப்பா மகள் கோவையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். மண்ணும் தண்ணீரும் மரமும் நம் பக்கத்தில் முன்பு எப்படி இருந்தன, எப்போது எதனால் மாறின என்று தேடிப் பார்க்கிற படிப்பு. சுற்றுச்சூழல் வரலாறு என்று பெயர் சொன்னாள். "இது எப்பவுமே காஞ்ச பூமிதான்னு சொல்லிச் சொல்லியே போர்வெல் மேல போர்வெல் போடறாங்கக்கா. அப்படி இல்லீன்னு காட்டோணும்" என்றாள். போன மாதம் பதிவு செய்யக் கைபேசியை என் முன்னால் வைத்து, நம் தோட்டத்துக் கிணற்றைப் பற்றி ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னாள். கைபேசியைப் பார்த்துப் பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று தப்பித்துவிட்டேன். அவள் அப்பா அம்மா கல்யாணமே அந்தக் கிணற்றடியில்தான் முடிவானது என்பதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பெருந்துறைக்குத் தெற்கே எங்கள் தோட்டம். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பார்ப்பார்கள். நேராகத் தோட்டத்துக்குப் போய்க் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் கிடந்தால்தான் வீட்டுக்குள் வந்து காப்பி குடிப்பார்கள். சித்தப்பாவுக்கு முதலில் வந்த இரண்டு இடமும் எட்டிப் பார்த்ததோடு பஸ் ஏறிவிட்டன. சித்தப்பா உயரமாக, சிவப்பாக, நல்ல சுருள்முடியோடு இருப்பார். வறண்ட கிணற்றுக்கு முன்னால் அதெல்லாம் எடுபடவில்லை.

அடுத்து காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். இதுவும் தட்டிப்போனால் சித்தப்பா பிறகு பெண்ணே பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று அம்மா பயந்தாள். அப்பா மோட்டாரை நிறுத்தினார். பாய்ச்சாமல் விட்டால் ஊற்றுத் தண்ணீர் சேர்ந்து கிணறு கொஞ்சம் ஏறும். வெங்காயத் தாள்கள் வாடி மடங்கின. அதைப் பார்த்த அம்மாவுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் சத்தம் போட்டன. எருமைகள் பக்கத்துத் தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் குடித்தன. எனக்கு மட்டும் திருவிழாதான். அந்த வருசம் முதல்முறையாகக் கிணற்றில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தது.

அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. பாசி படிந்த தண்ணீர் என்பதால் மேலே நின்று பார்த்தால் அடி தெரியாது. அதில் ஒரு பிள்ளை நீந்திக்கொண்டிருந்தால் ஆழத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது.

"நீ பாட்டுக்கு நீந்தீட்டே இரு கண்ணு. கால மட்டும் கீழ ஊனீராத" என்றார்.

ஞாயிறு காலையில் தோளில் பை மாட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். "ஏனுங்க, உங்க கெணத்தக் கொஞ்சம் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? சித்தப்பா புதுச் சட்டை போட ஓடினார். நான் கிணற்றுக்கு ஓடினேன். அம்மா மட்டும் முறையை மீறி முதலிலேயே காப்பி கொடுத்து, பெண்ணுக்குப் பால் கறக்கத் தெரியுமா என்று விசாரித்தாள். அவர் தனக்குப் பெண்ணே இல்லை என்றாராம். பெண்ணைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத அடக்கமான மனிதர் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அப்பா அவரைக் கிணற்றுக்குள் படி வழியாக இறக்கி அழைத்து வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. கிணற்றுச் சுவரில் மோட்டாருக்கு மேலே ஒன்றின் கீழ் ஒன்றாகக் காலியாக இருந்த மூன்று மேடைகளைத்தான் பார்த்தார். தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் இழுக்காது. அப்போதெல்லாம் பாறையை வெட்டிப் புதிதாக ஒரு மேடை அமைத்து மோட்டாரைக் கீழே இறக்குவார்கள். இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அவர் அதைப் பற்றிக் கேட்டபோது அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. மேலே இருப்பது காற்று வாங்க உட்காருவதற்கு என்றார். நடுவில் இருப்பது கொத்தனார் தப்பாகக் கட்டியது. மூன்றாவது?

"அது எங்கப்பா புறாவுக்குக் கட்டுனதுங்க."

இதற்குள் வெள்ளை வேட்டி கட்டிய இருவர் மேலே வந்து நின்று எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரோடு வந்தவர்கள் என்று அப்பா நினைத்து அவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஒல்லி மனிதர் கடைசிப் படிக்கு இறங்கி வந்து, அப்போதுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எத்தனாவது படிக்கிற கண்ணு?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் கேள்வி கேட்டால் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். நான் எழுந்து நின்று கையைக் கட்டினேன்.

"மூணாவதுங்க சார்."

தண்ணீர் என் இடுப்பு வரை இருந்தது.

அப்பா புறா மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் படியிறங்கி வந்த சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டுப் புதுச் சட்டையின் பொத்தானை மெதுவாகக் கழற்றத் தொடங்கினார்.

மேலே நின்றவர்களில் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்க, எப்பருந்து மோட்டார நிறுத்தி வெச்சிருக்கறீங்க?"

அப்பாவுக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. "அமாவாசையிலிருந்துங்க."

"நாங்க அதுக்கும் முந்தியே நிறுத்திப்போட்டமுங்க. நீங்க பொண்ணு பாக்க வந்தா எங்க கெணத்த எட்டிப் பாக்காமயா போவீங்க? தென்னம்புள்ளையெல்லாம் காஞ்சு கெடக்குது." அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போயி மோட்டாரப் போடுங்க சம்பந்தி. நானும் ஊட்டுக்குப் போனதும் போட்டுர்றேன்."

சம்பந்தி என்ற சொல் கிணற்றுக்குள் ஒருமுறை சுற்றி எதிரொலித்தது. சித்தப்பா கழற்றிய பொத்தான்களை வேகவேகமாகப் போட்டுக்கொண்டார். அப்பா ஒல்லி மனிதர் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க யாருங்க?" என்று கேட்டார். கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து வந்திருப்பதாகவும், இந்தப் பக்கத்துக் கிணறுகள் அந்தக் காலத்திலிருந்து எப்படி மாறி வந்திருக்கின்றன என்று ஊர் ஊராகப் பார்ப்பதாகவும் அவர் சொன்னார். அதற்கும் ஒரு சிரிப்பு. முறுக்குத் தட்டோடு வந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினாள்.

உங்கள் ஊரிலும் இப்படித்தானா என்று பெண்ணின் அப்பாவான அந்தப் பெரியவரிடம் ஒல்லி மனிதர் கேட்டார்.

"எல்லாக் கெணறும் இப்படித்தானுங்க. அவனவன் தன் கெணறு மட்டுந்தான் வத்துதுன்னு மூடி வெச்சுக்கறான். வெளிய சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

எல்லாரும் மறுபடி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். சித்தப்பா ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. என் இடுப்பு வரை இருந்த தண்ணீர் மெல்ல இறங்கியது.

ஒல்லி மனிதர் மட்டும் போகவில்லை, சிரிக்கவும் இல்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு மேடையாகப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். இத்தனை தூரம் வந்த மனிதர் முகம் வாடி நிற்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பெரியவர்களிடம் நானாகப் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"மோட்டார நிறுத்துனா தண்ணி தானா ஏறிக்குமுங்க சார்."

அவர் "ஆமா கண்ணு" என்று சொல்லி, கை கொடுத்து என்னைப் படியில் ஏற்றிவிட்டார். இவ்வளவு நல்ல செய்தி சொல்லியும் இந்த மனிதர் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். முறுக்கைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று.