மேலுக்குத் தடவ மட்டும்

அந்த விளம்பர நிறுவனத்தில் அவளை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு எழுத்து அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் போதும், அச்சகத்துக்குப் போன வேலையைத் திரும்ப வரவழைத்துவிடுவாள். "இதை எறும்புகூடக் கண்டுபிடிக்காதும்மா" என்று அச்சகக்காரர் தலையில் கைவைப்பார். "எறும்புக்கு யாரு போட்டாங்க?" என்பாள்.

முப்பத்திரண்டு வயதில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு மருந்து கம்பெனி வேலை. "எங்க பாட்டில் எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கணும்" என்றார் முதலாளி. வெள்ளை லேபிள், நடுவே மெல்லிய பச்சைக் கோடு, மேலே கம்பெனி பெயர், அடியில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர். அவ்வளவுதான். அதுவரை கண்ணைக் குத்தும் நிறங்களில் கத்திக்கொண்டிருந்த மருந்துக்கடை அலமாரி வாயை மூடிக்கொண்டது. விருது கிடைத்தது. மற்ற கம்பெனிகள் ஈயடிச்சான் காப்பி அடித்தன. கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். ஐந்தே வருஷத்தில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் அவள் கை தெரிந்தது. வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கடைக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் டிரைவர் உடுப்பில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேஜையின் அந்த ஓரத்தில் வைத்தார்.

"இதுல எது இருமல் மருந்து, எது மேலுக்குத் தடவுற தைலம்னு சொல்லுங்கம்மா."

அவள் கை நீட்டினாள்.

"எடுக்காம சொல்லுங்க."

அவளால் முடியவில்லை. பச்சைக் கோடு தெரிந்தது, கம்பெனி பெயர் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை.

"என் பொண்ணுக்கு மூணு வயசு. போன மாசம் போயிட்டா." அவர் குரல் உயரவில்லை. "தைலத்தை ஊத்திக் கொடுத்தது என் சம்சாரம். அவ டீச்சர், படிக்கத் தெரியாதவ இல்ல. கண்ணை எங்க வச்சிருந்தேன்னு சொந்தபந்தமெல்லாம் கேட்டுட்டாங்க. நானும் கேட்டுட்டேன். அதுல இருந்து அவ வாயே திறக்கல. இதைப் போட்டது நீங்கன்னு விசாரிச்சு வந்தேன். ஒரு தடவ வீட்டுக்கு வந்து, தப்பு அவமேல இல்லன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

மருந்து கம்பெனியின் வக்கீல் போனில் கறாராகச் சொன்னார்: "போனீங்கன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." வீட்டில் அவள் கணவர், "நீ என்ன விஷமா கலந்தே? பேர்தானே எழுதினே" என்று தேற்றினார். அந்தச் சமாதானம் அவளுக்குப் போதவில்லை. ஆனாலும் பத்தொன்பது நாள் அவள் போகவில்லை.

இருபதாம் நாள் போனாள். டீச்சர் சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுங்க. ரெண்டையும் ஒண்ணுபோல ஆக்கினது நான்தான். அழகா இருக்கும்னு பேரைச் சின்னதாக்கினேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிக்க மாட்டேன்னுதான் சொன்னா. எரியுதும்மான்னு சொன்னா. நான்தான் மூக்கைப் பிடிச்சு மிச்சத்தையும் ஊத்தினேன். அதை யார் தலையில போடுறது?"

வாசலில் நின்ற டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழந்தை இறந்தது பற்றிய விசாரணையில், லேபிள்தான் காரணம் என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுவாரமே வேலை போயிற்று. அதன்பின் பெரிய நிறுவனம் எதுவும் அவளை அண்டவிடவில்லை. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ரசீது என்று கிடைத்ததைச் செய்துகொண்டு, மீதிப் பொழுதில் மருந்துக்கடைப் பையன்களையும் நர்சுகளையும் தேடிப்போய், எதை எதோடு மாற்றி எடுக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசியில், தடவும் மருந்துக்கென்று ஒரு லேபிள் செய்தாள். குறுக்கே சாய்வாகத் தடித்த சிவப்புப் பட்டை, கட்டைவிரல் அளவு எழுத்தில் பெயர், இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும் சொரசொரப்பு மூடி.

பதினோரு கம்பெனிகள் ஏறி இறங்கினாள். "சிவப்பைப் பார்த்தா ஜனங்க பயப்படுவாங்க மேடம்" என்றார் ஒரு விற்பனை மேலாளர்.

"பயப்படட்டும் சார். அதுக்குத்தான் போட்டிருக்கேன்."

காயத்துக்குக் களிம்பு காய்ச்சிய ஒரு சின்னக் கம்பெனிதான் ஏற்றுக்கொண்டது.

ஏழு வருஷம் கழித்து, தடவும் மருந்துக்குச் சிவப்புப் பட்டை கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டது. வேறோர் ஊரில் இன்னும் இரண்டு குழந்தைகள் அதே மாதிரி போன பிறகுதான் போட்டது. கணவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பாரு, நீ வரைஞ்சது அப்படியே இருக்கு!"

அவள் செய்தியை இரண்டு முறை படித்தாள். குழந்தைகளின் வயது எங்கும் போட்டிருக்கவில்லை. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். ஒன்றுக்கு நான்கு, இன்னொன்றுக்கு ஒன்றரை என்றார்கள்.

உத்தரவில் சொட்டு மருந்துகள் சேரவில்லை. சாப்பிட்டுவிட்டு, கண்ணுக்கு விடுவதையும் காதுக்கு விடுவதையும் மேஜையின் அந்த ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கையில் எடுக்காமல் பார்த்தபடி உட்கார்ந்தாள்.