பொன்னுச்சாமியின் நடுக்கம்

திருச்சுழி சாலையோரத்து அந்தக் கரிசல் ஊரில் இருளப்பசாமி பொன்னுச்சாமியின் மேல்தான் இறங்கும். இருபது வருஷமாக வேறு ஆளைத் தேடியதில்லை. பங்குனிப் பொங்கலன்று உருமி மேளம் முழங்கும். பொன்னுச்சாமிக்குக் கால் நடுங்கும். அப்புறம் அவருக்கு ஒன்றும் தெரியாது. அரிவாள்மேல் ஏறி நின்றதையும் குறி சொன்னதையும் ஊரார் சொல்லித்தான் அறிந்துகொள்வார். மற்ற நாளில், பாவம், ஓணானைக் கண்டால்கூட ஒதுங்கிப் போகிற ஆள்.

அறுபத்தேழாம் வருஷப் பொங்கலன்று அடுத்த வீட்டு மூக்கம்மாள் காய்ச்சல் கண்ட மகளைத் தூக்கிவந்து சாமியின் காலடியில் கிடத்தினாள். "பிள்ளை பொழச்சுக்கிரும், டவுனுக்குக் கொண்டுபோக வேணாம்" என்று சாமி சொன்னது. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. யாரும் பொன்னுச்சாமியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி வாக்குக்கு அவர் என்ன செய்வார் என்றார்கள். அவருக்கோ, தன் வாய் தனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன சொல்லுமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

அந்தப் பயந்தான் அவரைப் பந்தல்குடி வேதக்கோயில் உபதேசியாரிடம் கொண்டுபோய் விட்டது.

"முழுகி எந்திரிச்சா பழைய ஆளு செத்தான். நீங்க புதுசாப் பொறந்த ஆளு" என்றார் உபதேசியார்.

அறுபத்தெட்டு தை மாதம் பம்புசெட் தொட்டியில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பொன்னுச்சாமி பல் கிடுகிடுக்க வெளியே வந்தார். உபதேசியார் சொன்னதை மனசு நம்பியது. கால் நம்பியதா? கால் எந்தக் காலத்தில் அவரைக் கேட்டு நடுங்கியது?

பங்குனி வந்தது. பொங்கலன்று ஊரில் இருக்கவே கூடாது என்று அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குக் கிளம்பினார். பஸ் நிற்பதோ கோயிலுக்கு எதிரில். அன்றைக்குப் பார்த்து பஸ்ஸையும் காணோம். மத்தியான வெயிலில் உருமி எழுந்தது.

சாமி வந்து உத்தரவு கொடுத்தால்தான் பொங்கல் பானை அடுப்பில் ஏறும். அரை மணி நேரம் அடித்தும் யார்மேலும் வரவில்லை. மேளக்காரர்கள் மெல்ல அவர் பக்கம் திரும்பி அடிக்க ஆரம்பித்தார்கள். பொன்னுச்சாமிக்கு இடது காலில் நடுக்கம் தொடங்கியது. எப்போதும் இடது காலில்தான் தொடங்கும். முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறியது. போச்சு, தொட்டியில் முழுகியதெல்லாம் வீண் என்று நினைத்தார். 'இயேசுவே' என்று சொல்லப் பார்த்தார், நாக்கு ஒட்டிக்கொண்டது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணன் பூமிநாதனும் இன்னொருவரும் ஓடிவந்து அரிவாளைக் கூர்ப்பக்கம் மேலாகப் பிடித்து நின்றார்கள்.

"ஏறுங்க சாமி" என்றார் அண்ணன், தம்பியைப் பார்த்து.

பொன்னுச்சாமி அரிவாளைப் பார்த்தார். இருபது வருஷம் ஏறி நின்ற அரிவாள். அதன் கூர் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஏறினால் பாதம் பிளந்துவிடும். பயத்தில் ஓரடி பின்வாங்கினார். சாமி வந்த எந்த வருஷமும் அவர் பயந்ததில்லை. பயப்பட அங்கே அவர் இருந்ததே இல்லை.

"அண்ணே" என்றார். உருமி நின்றது.

"பயமா இருக்குண்ணே. சாமி இல்ல, நாந்தான் நடுங்குறேன்."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. இந்தத் தடவை ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.