நான் படிக்காத கல்லூரி

பெங்களூரில் ஒரு பெரிய இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது. நான் அங்கேதான் படித்தேன் என்று கொள்ளேகால் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஹாஸ்டல் சாப்பாடு எனக்குச் சேரவில்லை என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். நானோ மைசூரில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய், அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைத் தின்று, உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஏற்பாடு அப்பாவின் வாயிலிருந்து வந்தது. அவர் தொழிற்பேட்டையில் ஒரு பேக்டரியில் மெஷின் ஆபரேட்டர். நான் பி.யூ.சி. என்கிற பிளஸ் டூ முடித்து, சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதியபோது, என் ரேங்குக்கு உள்ளூர்க் கல்லூரியில் அரசுக் கட்டணத்தில் இடம் கிடைத்தது. பெங்களூர்க் கல்லூரிக்கு அந்த ரேங்க் போதாது. ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்று உண்டு. அங்கே ரேங்க் கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டார்கள். ஏஜென்ட் ஒருவர் தினம் போன் செய்து, என் எதிர்காலத்தைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார்.

வங்கியில் கடன் தருகிறோம் என்றார்கள், எங்கள் சைட் பத்திரத்தை வைத்தால். முப்பதுக்கு நாற்பது அடி வீட்டுமனை, ஊருக்கு வெளியே. அதில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போய் அதைச் சும்மா பார்த்துவிட்டு வருவார், ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரைப் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

"அந்தக் காலேஜ் பேரச் சொன்னா கம்பெனிக்காரன் எந்திரிச்சு நிப்பான்" என்றார் அப்பா.

"அவன் நிக்கட்டும். நாம எங்க குடியிருக்கறது?" என்றாள் அம்மா.

கடன் என் பேரில்தான் வரும், வேலை கிடைத்த நாளிலிருந்து பாதிச் சம்பளம் வங்கிக்குப் போகும், அடைத்து முடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும் என்றேன் நான். அப்பா என் தலையைக் கவனமாகப் பார்த்தார். "நம்ம வம்சத்துல சீக்கிரம் நரைக்காது" என்றார்.

கடைசியில் நானும் அம்மாவும் போய் உள்ளூர்க் கல்லூரியில் பணம் கட்டிவிட்டு வந்தோம். அப்பா தடுக்கவில்லை. அவர் ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தார் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே ஊரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். பந்தியில் யாரோ, பொண்ணு என்ன பண்ணுது என்று கேட்டிருக்கிறார்கள். பெங்களூர்க் கல்லூரியில் சேர்க்கலாம் என்றிருக்கிறோம் என்று சொல்லியிருந்தால்கூடப் பிழைத்துப் போயிருக்கும். சேர்த்தாச்சு என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் கேட்காமலே இலைக்குப் பாயசம் மறுபடி வந்ததாம். அதை எங்களிடம் சொல்லும்போதுகூட அவர் முகத்தில் அந்தப் பாயசத்தின் சந்தோஷம் இருந்தது.

"நானே நேரம் பாத்து உண்மையச் சொல்லிக்கறேன்" என்றார். அந்த நேரம் வரவே இல்லை.

கொள்ளேகால் ஆட்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மைசூர்தான். வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். வாரநாளில் வந்தால் நான் வீட்டில் இருக்கக் கூடாது. மைசூரிலேயே மண்டி மொஹல்லா என்ற பகுதியில் ஒரு வெங்காயக் கடைக்கு மேல்மாடியில் என் தோழியின் வீடு. அங்கே போய்விடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் தோளில் பையோடு, களைத்த முகத்தோடு, பெங்களூரிலிருந்து வந்து சேருவேன். பெங்களூர் டிராபிக்கைப் பற்றி நான் பேசுவதைக் கேட்டால் அந்த ஊர்க்காரர்களே கண்கலங்குவார்கள்.

"பெங்களூர்த் தண்ணி ஒத்துக்கிச்சு, புள்ள நல்லா நெறம் வெச்சிருக்கா" என்றார் அத்தை ஒருமுறை. இரண்டு ஊருக்கும் வருவது அதே காவிரித் தண்ணீர்தான். நான் அதை மைசூரிலேயே குடித்து நிறம் வைத்திருந்தேன்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போகப் போக இதில் ஒரு வசதி இருப்பது புரிந்தது. பேர் அங்கே, ஃபீஸ் இங்கே. இதைவிடச் சிக்கனமாக யாரும் படித்திருக்க முடியாது. யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வருடத்துக்கு முந்தைய லீவில் நான் வீட்டில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நிலப் பத்திரம். அவர் மகள் அந்த வருடம் பி.யூ.சி. முடித்திருந்தாள். அதே பெங்களூர்க் கல்லூரி, அதே மேனேஜ்மென்ட் கோட்டா. ஏஜென்ட்டும் அதே ஆளாக இருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார். "அம்மிணி, நீ படிக்கற எடம். உன்ற வாயால ஒரு வார்த்த சொல்லு. மஞ்சக் காட்ட பேங்குல வெக்கலாமா, வேண்டாமா? நீ வெக்கலாம்னா திங்கக்கெழமையே வெச்சுப்போடறேன்."

அவருக்கு இருந்தது அந்த மஞ்சள் காடு ஒன்றுதான். அது கைவிட்டுப் போனால் இந்த வயதில் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நிற்க வேண்டும். அப்பாவைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"அண்ணா, இவ அங்க படிக்கலீங்க" என்றார் கடைசியில். "இங்கதான், மைசூர்லயே படிக்கறா. நான்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன்."

பெரியப்பா சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"ஏன்டா, இத்தன வருசமா ஊரு பூராச் சொன்னது நீதான? இப்ப எம்புள்ளயும் அங்க போகுதுன்னதும் படிக்கலைங்கற. உம்பொண்ணு பக்கத்துல எம்பொண்ணு வந்து உக்காந்தா உனக்கு வயிறு எரியுதா?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அம்மா சாமி மேல் சத்தியம் செய்தாள். சாமியை எதுக்கு இழுக்கறே என்று அவளையும் அடக்கிவிட்டார். மூன்று வருடம் பழகிய பொய்க்கு முன்னால் அப்போதுதான் பிறந்த உண்மை எடுபடவில்லை. இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்த அப்பாவுக்கு உண்மையை நம்பும்படி சொல்லத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"செருப்பப் போடுங்க பெரியப்பா, காலேஜுக்கே போலாம்" என்றேன்.

மூவரும் ஆட்டோவில் போனோம். கல்லூரிப் பக்கம் வந்ததும் எந்த கேட் என்று டிரைவர் அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. சேர்த்த அன்று வந்ததும் அம்மா, பெற்றோர் கூட்டங்களுக்கு வந்ததும் அம்மா. அவருக்கு எப்போதும் ஷிப்ட் இருந்தது. வழியில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயமும் இருந்திருக்கும். அவரைப் பொறுத்தவரை நான் பெங்களூரில்தானே இருந்தேன்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரியப்பா என்னைத் தாண்டிப் போய், இந்தப் பெண் இங்கேயா படிக்கிறாள் என்று கன்னடத்தில் அவரிடமே கேட்டார்.

"மத்தே? பின்னே எங்கே?" என்பது போலக் கையை விரித்தார் வாட்ச்மேன். தினமும் கேட்டை மூடும்போது கடைசியாக ஓடி வருவது இவள்தான் என்று எனக்கு நற்சான்றிதழும் கொடுத்தார்.

பெரியப்பா கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயிண்ட் உரிந்த சாதாரணக் கட்டடம். "இங்க ஃபீஸு எவ்வளவு?" என்றார். சொன்னேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். பிறகு பத்திரக் கவரை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "சரி, புள்ளயக் கூட்டிட்டு வாறேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் வாட்ச்மேன் அப்பாவைக் கவனித்தார். இவர் யார் என்று கேட்டார். எங்கள் அப்பா என்றேன்.

"ஓ, பெங்களூரல்லி கெலஸ மாடோரு!" என்றார் அவர், தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷத்தோடு.

பெங்களூரில் வேலை பார்ப்பவர். ஆமாம், நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். உன் அப்பா ஏன் ஒரு கூட்டத்துக்கும் வருவதில்லை என்று ஆசிரியர்களும் தோழிகளும் இந்த வாட்ச்மேனும்கூடக் கேட்கக் கேட்க, அவர் பெங்களூரில் இருக்கிறார், லீவு கிடைக்காது என்று முதல் வருடமே சொல்லிவிட்டேன். என் கல்லூரியைப் பார்க்க அவருக்கு வெட்கம் என்று நான் யாரிடம் சொல்ல முடியும்?

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் தலை நிமிரவில்லை.

"ஹௌது" என்றார் அப்பா வாட்ச்மேனிடம். ஆமாம், பெங்களூர்தான், லீவே கிடைக்கவில்லை, இன்றைக்குத்தான் வர முடிந்தது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டார்.