கண்ணாடியில் நிற்காத தண்ணீர்

சுனாமி முடிந்து மூன்று வருடம் இருக்கும். போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட் பக்கம் ஒரு மர ஆலை. கடல் தண்ணீர் புகுந்து கெட்டுப்போன பாய்லரைச் சரி செய்து ஓட வைக்க, நான் வேலை பார்த்த சென்னை கம்பெனி என்னை அனுப்பியது. அறுத்த மரத்தைப் பெரிய அறைகளில் அடுக்கி நீராவியால் உலர்த்துவார்கள். அதற்குத்தான் அந்த பாய்லர்.

உள்ளே தண்ணீர் குறைந்தால் தானாகத் திறந்து, நிறைந்தால் மூடிக்கொள்ளும் கன்ட்ரோல் வால்வு ஒன்று புதிதாகப் போட வேண்டியிருந்தது. அதன் அளவை முடிவு செய்தது நான்தான். கிளம்புவதற்கு முன் ஆலை மேனேஜரிடம் போனில், மணிக்கு அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கேட்டேன். குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்கவில்லை. பைப் இரண்டு இன்ச், வால்வும் இரண்டு இன்ச் என்று எழுதிவிட்டேன். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு. பதினெட்டு வருட சர்வீஸ் என்ற திமிரும் கூட.

கப்பலில் போய் இறங்கி, வால்வை மாட்டி, காலையில் ஓட்டிப் பார்த்தோம். அருமையாக வேலை செய்தது.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவருக்கு முப்பது வயது இருக்கும். அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். சுனாமிக்குப் பிறகு இவர் மனைவியோடு போர்ட் பிளேர் வந்துவிட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் என்னிடம் வந்தார்.

"சார், காலையில டீக்கா இருக்கு. மத்தியானம் ஆனா பானி ஊப்பர்-நீச்சே ஆகுது. கண்ணாடியில நிக்கவே மாட்டேங்குது."

காலையில் சரியாக இருக்கும் தண்ணீர் மத்தியானம் ஏறி ஏறி இறங்குகிறது என்று, அந்த ஊர் இந்தி கலந்து, மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைத்தான் சொன்னார். அறைகள் சூடேறிய பிறகு நீராவி கொஞ்சம்தான் தேவைப்படும். அப்போது அவ்வளவு பெரிய வால்வு துளி திறந்தாலே தண்ணீர் கொட்டும். உடனே மூடும், மறுபடி திறக்கும். எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"புது வால்வு தம்பி, போகப் போக சரியாயிடும்" என்றேன்.

தண்ணீர் குறைந்தால் அலறும் அலாரம் மத்தியானமெல்லாம் அலறிக்கொண்டே இருந்தது. மேனேஜர் எரிச்சல்பட்டார். அதன் வயரை என் கையாலேயே கழற்றினேன். மறுநாள் மெயின்லேண்ட் கப்பல். ஏறி வந்துவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஆலையிலிருந்து போன் வந்தது.

தினமும் திறந்து மூடி, திறந்து மூடி, அந்த வால்வு ஒரு மத்தியானம் மூடியபடியே சிக்கிக்கொண்டது. விறகு எடுக்கப் போய்த் திரும்பிய பாய்லர்காரர் பார்த்தால், கண்ணாடியில் தண்ணீரே இல்லை. உள்ளே குழாய்கள் காய்ந்து கிடக்கும்போது பச்சைத் தண்ணீர் விட்டால் பாய்லர் வெடிக்கும். அவர் தண்ணீர் விடவில்லை. பக்கத்து அறைகளில் மரம் அடுக்கிக்கொண்டிருந்த எட்டுப் பேரைப் பார்த்து, "பாகோ! பாகோ!" என்று கத்தி ஓட வைத்தார். அவர் ஓடவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து, எரிந்துகொண்டிருந்த கட்டைகளைக் கம்பியால் இழுத்து வெளியே தள்ளினார். கட்டைகள் சரிந்து அவர் மேலேயே விழுந்தன. பாய்லர் வெடிக்கவில்லை.

கம்பெனி என்னை மறுபடி அனுப்பியது. போர்ட் பிளேர் அரசு மருத்துவமனையில் அவர் இரண்டு கையும் தோள்வரை கட்டுப் போட்டுக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"சார், தண்ணி விட்டிருந்தா வெடிச்சிருக்கும்தானே? நான் செஞ்சது சரிதானே?"

நான் "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏனென்றால், ஆலைக்குள் நுழைந்தபோதே மேனேஜர் ஒரு காகிதத்தைக் காட்டியிருந்தார். பாய்லர்காரர் தூங்கிவிட்டார் என்று அதில் இருந்தது. என் கையெழுத்து மட்டும் பாக்கி. வால்வைப் பற்றி ஒரு வரி இல்லை, அலாரத்தைப் பற்றியும் இல்லை. ஊரில் என் பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் என்ன செய்வேன்? இரண்டு நாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜங்லிகாட் லாட்ஜிலேயே கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலை அவருடைய மனைவி லாட்ஜைத் தேடி வந்துவிட்டார். அழவில்லை. சத்தமும் போடவில்லை. "அவரு தூங்கலைங்க சார். தூங்குற ஆளு இல்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படியிறங்கிப் போனார்.

பின்னாலேயே நானும் மருத்துவமனைக்குப் போனேன். "நீங்க செஞ்சது சரி. தப்பு என்னோடது. வால்வு அளவு தப்பு, அலாரத்தைக் கழட்டினதும் தப்பு" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். என் வேலை போனது.

கிளம்புவதற்கு முன் பாய்லர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை எவ்வளவு நீராவி தேவைப்படும் என்று அங்கிருந்தவர்களிடமே கேட்டுக் கணக்குப் போட்டேன். ஒரு இன்ச் வால்வு போதும் என்று வந்தது. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் அரை நாள் வேலை.

அவருடைய வலது கை விரல்கள் கடைசிவரை நிமிரவில்லை என்றும், பாய்லர் வேலைக்கு அவர் திரும்பவேயில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். வால்வின் அளவைத் தவறாகப் போட்டது என் அறியாமை என்று மனதை எப்படியாவது தேற்றிக்கொள்ள முடிகிறது, ஆனால் எட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டு, கட்டுப் போட்ட கைகளோடு "சரிதானே?" என்று கேட்டவருக்கு "ஆமாம்" என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனதே, அதற்கு இன்றுவரை எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.