முதலாளி கொடுத்த வண்டி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஒரு கார் என் பட்டறைச் சந்துக்குள் திரும்பும்போதே, அதற்கு எங்கே நோவு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். கடன் வாங்கிய ஒரு ஸ்பானரோடு தொடங்கியவன் நான். இன்றைக்குக் கார் தூக்கும் லிஃப்ட் இரண்டு நிற்கின்றன. யார் தயவிலும் வந்ததில்லை. அப்படிப்பட்ட என்னாலேயே தூக்கி நிறுத்த முடியாமல் போன ஒரு வண்டியும், அதை ஓட்டிய மனிதரும் உண்டு.

அவரை எல்லோரும் நாற்பது என்பார்கள். வயதல்ல, வேகம். காலி ரோட்டில் விட்டாலும் முள் நாற்பதைத் தாண்டாது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு மர வியாபாரியிடம் டிரைவராகச் சேர்ந்தவர், தலை நரைக்கும்வரை அங்கேதான் இருந்தார். வண்டியில் எறும்பு ஊர்ந்தாலும் என்னிடம் கொண்டுவந்துவிடுவார்.

"அண்ணே, இடது பக்கம் முன்னாடி டக்குனு ஒரு சத்தம். திரும்பும்போது மட்டும் வருது."

கழற்றிப் பார்த்தால் சொன்ன இடத்தில் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். எனக்கு அடுத்தபடியான காது அவருடையது என்று தாராளமாகச் சொல்வேன். வேலை முடியும்வரை டீ குடித்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவார். பில் நேரே மரக்கடைக்குப் போய்விடும்.

வியாபாரி தொழிலை மூடினார். டிரைவரின் இத்தனை வருட உழைப்புக்குப் பணம் வேண்டுமா, அந்தக் கார் வேண்டுமா என்று கேட்டார். பணத்தை வாங்கச் சொன்னாள் மனைவி. அவர்கள் குடியிருந்தது கீழ்த்தளத்தில் ஒரே ஒரு அறை. சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். அவளுக்கோ மூச்சிழுப்பு. மாடியில், ஜன்னல் உள்ள ஒரு வீட்டுக்கு அந்தப் பணம் முன்பணமாகும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

இவர் காரோடு வந்து என் வாசலில் நின்றார்.

"ஏம்ப்பா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பதினாறு வயசு வண்டிய வாடகைக்கு ஓட்டப் போறியா?"

"நான் ஓட்டின வண்டிண்ணே. இதுல எனக்குத் தெரியாத நட்டு இருக்கா?"

"நட்டு தெரியும். நட்டோட விலை தெரியுமா?"

சிரித்தார். "ஒரு வருசம் ஓட்டினா மாடி வீடு வந்துரும்ணே. அவளுக்கும் சொல்லிட்டேன்."

முதலில் போனது கிளட்ச். பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் தட்டு, பேரிங் எல்லாம் மாற்றினேன். பில்லைக் கையில் கொடுத்தேன். வாழ்நாளில் அவர் பார்த்த முதல் பில் அதுதான்.

"அண்ணே, ஒரு பூஜ்யம் கூடப் போட்டுட்டீங்களா?"

"கூலி பாதிதாம்ப்பா போட்டிருக்கேன். என் கைக்கூலிய நான் குறைப்பேன். சாமான் கடைக்காரன் என்ன என் மச்சானா?"

அந்த மாதம் சவாரியில் வந்த காசு அதோடு சரி. பிறகு ரேடியேட்டர் ஒழுகியது. பிறகு ஆல்டர்னேட்டர். பிறகு சக்கரத்தைத் தாங்கும் கைகள் இரண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை நான் வாயால் சொல்லவில்லை, அவர் முகமே சொன்னது.

அதன்பின் எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் நீலப் புகை தெருவை மூடும்.

"கொசு செத்துச்சோ இல்லையோ, நாங்க செத்துருவோம்!" என்று எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்துவாள். ஆனால் புகை முதலில் நுழைந்தது இவர் அறைக்குள்தான். மனைவி பாயில் எழுந்து உட்கார்ந்து இருமுவாள். அதனால் தினமும் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்தார். தனியாக முடியாத நாளில் அவளும் பின்னால் தள்ளினாள், நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.

"வித்துருப்பா," என்றேன்.

"இவ்வளவு போட்டாச்சேண்ணே. எல்லாம் புதுசு, எஞ்சின் ஒண்ணுதானே பாக்கி."

பழைய கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் சொல்லும் வசனம். நூறு வாயில் கேட்டிருக்கிறேன்.

ஒரு மத்தியானம், சவாரியோடு நெரிசலில் மாட்டியபோது சூட்டுமுள் சிவப்பைத் தொட்டது. எஞ்சின் சூட்டை இழுத்துக்கொள்ளட்டும் என்று, அந்த வெயிலில் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டார்.

"இது காரா, அடுப்பா?" என்று சவாரி பாதி வழியில் இறங்கிப் போய்விட்டது.

முதலாளி வண்டியாக இருந்த காலத்தில் அந்த இடத்திலேயே ஓரம் கட்டியிருப்பார். இப்போது, இழுத்துவர வண்டி கூப்பிட்டால் அதற்கும் காசு என்று, கொதிக்கக் கொதிக்க என் பட்டறைவரை ஓட்டிவந்தார். அந்தக் கூலி மிச்சம். எஞ்சின் போயிற்று. ஆயில் பார்க்கும் குச்சியை உருவினேன். பால் ஊற்றின டீ மாதிரி இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது.

சாயங்காலம் அவர் மனைவி வந்தாள்.

"சரி பண்ண எவ்வளவு ஆகும்ணா?"

சொன்னேன்.

"அப்படியே வித்தா?"

அதையும் சொன்னேன். கழற்றிப் போட்டிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பது சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "டயர் நாலும் புதுசு. அதை மட்டும் கழட்டி வச்சுக்கலாமாண்ணே?"

"எதுல மாட்டுறதுக்கு? என் கால்லயா?" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலானது. நெடுநேரம் ஓயவில்லை.

பழைய இரும்புக்காரன் வண்டியை ஏற்றிக்கொண்டு போனான். அவன் தந்த காசு அவள் மருந்துக்குச் சில மாதம் வந்தது. மாடி வீட்டில் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். எந்தக் கழண்ட வண்டியையும் ஓடவைப்பேன் என்று பேர் எடுத்தவன் நான். அந்தப் பேர் இன்றும் இருக்கிறது. அவர்களுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

நாற்பது இப்போது ஒரு துணிக்கடை முதலாளிக்கு டிரைவர். அதே அறை, அதே ஈரம். போன வாரம் முதலாளியைப் பின்சீட்டில் உட்காரவைத்து வந்தார்.

"அண்ணே, பின்னாடி வலது பக்கம் லேசா உரசுது. பிரேக் பிடிக்கும்போது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எவ்வளவு ஆகும்?"

"உன் பையில இருந்தா போகுது? வேலையப் பாக்கச் சொல்லுய்யா," என்றார் பின்சீட்டுக்காரர்.

"சரிங்க," என்றார் நாற்பது. ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தொகையைச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

சக்கரத்தைக் கழற்றினேன். அவர் சொன்ன இடத்திலேயே பிரேக் கட்டை தேய்ந்திருந்தது.