மசாஜ் ரூம் கோமதி அக்கா

கோமதி அக்கா இன்று காலை போய்விட்டாள்.

பாளையங்கோட்டையில் புற்றுநோய்க்காரர்களுக்கு மசாஜ் செய்துகொண்டிருந்தாளே, அதே கோமதி அக்காதான். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். ஹார்ட் அட்டாக்காம்.

எனக்குத் தகவல் எப்படி வந்தது தெரியுமா... அவள் அண்ணன் மகன் ஃபேஸ்புக்கில் போட்ட பதிவில். "எங்கள் அத்தை, சேவையின் சிகரம், குடும்பத்தின் பெருமை" என்று. கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக.

குடும்பத்தின் பெருமையாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

இதே குடும்பம்தான் தொண்ணூறுகளில், கேன்சர்காரர்களைத் தொட்ட கையோடு உள்ளே வராதே என்று அவளை வாசலோடு நிறுத்தியது. சைவ வீடு, அண்ணன் பேங்க் ஆபீசர், ஊருக்குள் பெயர் உண்டு. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையும் அனுப்பினார்கள். பின்னாலேயே வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா சென்னையில் பிசியோதெரபி படித்தவள். ஆபரேஷன் முடிந்து கை வீங்கி வருகிற பெண்களையும், மருந்து ஏறி ஏறிப் பாதம் மரத்துப் போனவர்களையும் ஆஸ்பத்திரியில் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஒரு ரூம் எடுத்தாள். கூட வேலைக்கு நான்.

அழுத்தித் தேய்ப்பதெல்லாம் கிடையாது. கட்டி இருந்த இடத்தின் பக்கமே போக மாட்டாள். பாதி நேரம் பாதத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். அதற்கே அழுதுவிடுவார்கள். வீட்டில் யாரும் தொட்டு அவ்வளவு நாள் ஆகியிருக்கும்.

முதலில் போர்டில் "மசாஜ்" என்று மட்டும் எழுதி வைத்தோம். எங்கள் முட்டாள்தனம். சாயங்காலம் ஆனால் மைனர்கள் சென்ட் அடித்துக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

அதில் ஒரு அண்ணாச்சி, மார்க்கெட்டில் பெரிய கடைக்காரர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பொம்பளைதான் பண்ணுவாங்களா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அக்கா வெளியே வந்தாள்.

"ஒங்களுக்குக் கேன்சர் எந்த எடத்துல அண்ணாச்சி?"

மனுஷன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணக்கூட இல்லை. தள்ளிக்கொண்டே போனார். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு...

மறுநாளே போர்டில் "புற்றுநோயாளிகளுக்கு" என்று சேர்த்தோம். மைனர்கள் வருவது நின்றது. கூடவே தெருவும் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது. காற்றில் ஒட்டிக்கொள்ளுமாம்! பக்கத்து வீட்டு ஜன்னல் அதற்கப்புறம் திறக்கவே இல்லை. வாத்தியார்களும் ஆபீசர்களும் குடியிருந்த தெரு அது. எல்லோரும் சேர்ந்து போய் வீட்டு ஓனரிடம் சொல்லி, எங்களைக் காலி பண்ண வைத்தார்கள்.

அக்கா அசரவில்லை. அடுத்த ரூம், அதற்கடுத்த ரூம்... நடக்க முடியாதவர்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போனோம்.

அப்படித்தான் சீவலப்பேரி இசக்கியம்மாள். வயல் வேலைக்குப் போனவள். மார்பை எடுத்தபிறகு வலது கை தொடை கனத்துக்கு வீங்கிக் கிடந்தது. அவளை மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கட்டிலில் போட்டிருந்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். சாப்பாட்டைத் தரையில் வைத்து நகர்த்திவிடுவார்கள்.

நாங்கள் டவுன் பஸ்ஸில் போவோம். அந்தக் கையை அக்கா தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தோள் பக்கமாக மெதுவாக நீவிவிடுவாள். வீக்கம் கொஞ்சம் குறைந்தது. இசக்கியம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

அவள் இறந்த அன்றைக்கும் போனோம். வீடு நிறையக் கூட்டம். எண்ணெய் சீயக்காய் வைக்கச் சொந்தக்காரப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்... அதுவரை அந்தத் தொழுவத்தை எட்டிப் பார்க்காதவர்கள். மாற்றி மாற்றித் தலையில் எண்ணெய் வைத்தார்கள். செத்த உடம்பிலிருந்து நோய் ஒட்டாது போல.

அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டுவதற்காக இரண்டு பேர் அந்தக் கையை வெடுக்கென்று தூக்கினார்கள். அக்கா பதறி முன்னால் போய்விட்டாள்.

"பைய தூக்குங்க. அந்தக் கை அவளுக்கு வலிக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

அக்கா மறுநாள் வழக்கம்போல வந்து ரூமைத் திறந்தாள்.

இன்று மதியம் அந்த அண்ணன் மகன் எனக்கு போன் பண்ணினான். ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்களாம், அத்தையின் பழைய போட்டோ ஒன்று வேண்டுமாம். அவர்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். எப்படி இருக்கும்?

என்னிடம் ஒன்று இருந்தது. ஓசி கேமராவில் சீவலப்பேரியில் நான் எடுத்தது. கட்டிலில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் இசக்கியம்மாளின் கை. முடியெல்லாம் கொட்டின தலையோடு இசக்கியம்மாள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருமே அதில் அவ்வளவு அழகு. அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போன்.

"சூப்பர் போட்டோ ஆன்ட்டி. பக்கத்துல இருக்க அந்த மொட்டத்தல பொம்பளய மட்டும் வெட்டிட்டு அனுப்புதியளா? பாக்கவங்க மொகஞ் சுளிப்பாங்க."

நான் போனை வைத்துவிட்டேன். பதிலை இந்தப் பதிவில் சொல்கிறேன், படித்துக்கொள்.

வெட்ட முடியாது தம்பி. உன் அத்தை மடியில் இருக்கிறது அவள் கை. எந்த இடத்தில் வெட்டச் சொல்கிறாய்?

படத்தை முழுசாகவே போட்டிருக்கிறேன்.

போய் வாக்கா.